புத்தகத்தில் உள்ளபடி

பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கென்று அன்றைய தமிழ்நாடு ஒரு புகலிடம் வைத்திருந்தது. தேர்டு குரூப் என்று பெயர். வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், கணக்குப்பதிவியல். ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்தவன் டாக்டராவான் அல்லது இன்ஜினியராவான் என்று ஊர் நம்பியது. தேர்டு குரூப்பில் சேர்ந்தவன் என்ன ஆவான் என்று யாரும் கேட்கவில்லை. "போகட்டும், ஏதாவது கடையில கணக்கு எழுதிப் பிழைச்சுக்குவான்" என்று வீட்டாருக்கு ஆறுதல் சொன்னார்கள். 1989-இல் அருப்புக்கோட்டையில் அந்த ஆறுதலைப் பெற்றுக்கொண்டு நான் பதினொன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். சி.ஏ. படிக்க வேண்டும் என்று அதே குரூப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். வரலாறு இருந்த இடத்தில் இப்போது கணினிப் பயன்பாடுகள். செய்தி கேட்டு எதிர்வீட்டு அம்மா வந்தார். "மார்க் நல்லாத்தானே சார் வந்துச்சு? அப்புறம் ஏன்?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். இத்தனை ஆண்டில் நாட்டில் என்னென்னவோ மாறிவிட்டன. தேர்டு குரூப் என்றதும் ஜனங்கள் காட்டும் முகம் மட்டும் செலாவணி நெருக்கடி, தாராளமயம், பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் தாண்டி அப்படியே இருக்கிறது.

எங்கள் வீடு தறி வீடு. முன்னறையில் குழித்தறி, மிச்சமிருந்த இடத்தில் நாங்கள். பொருளாதாரத்தை நான் சத்தம் போட்டுப் படித்ததற்கு ஆர்வம் காரணமில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே என் குரல் எனக்கே கேட்க வேண்டும் அல்லவா? தார் சுற்றுவது என் வேலை. வலது கையில் ராட்டை, இடது கையில் நூல், மடியில் புத்தகம். உற்பத்திக் காரணிகள் நான்கு: நிலம், உழைப்பு, மூலதனம், தொழிலமைப்பு. நிலத்துக்கு வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, தொழில்முனைவோருக்கு லாபம். அப்பா தறிக்குழியிலிருந்தே பாடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

"இதுல நம்ம யாருடா?"

"உழைப்பு."

"வட்டின்னு ஒண்ணு சொன்னியே?"

"அது மூலதனத்துக்கு வர்றது."

"நமக்கு வர்றதில்லையே, நாமல்ல கட்டுறோம்?"

"அது வேற பாடத்துல வரும்ப்பா."

வரவேயில்லை. நூலுக்குக் கடன், கடனுக்கு வட்டி, சேலையை நெய்து கொடுத்தால் எல்லாம் கழித்துக்கொண்டு ஜவுளி முதலாளி கையில் வைக்கும் மிச்சம். இதுதான் எங்கள் வீட்டுப் பொருளாதாரம். இரண்டு ஆண்டுப் பாடத்திலும் அதைக் காணவில்லை. நாங்கள் குடும்பத்தோடு சிலபஸுக்கு வெளியே வசித்துக்கொண்டிருந்தோம்.

தேவை விதி வந்த அன்றும் அப்பா விடவில்லை. விலை குறைந்தால் தேவை கூடும் என்று நான் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். "போன தீபாவளிக்குச் சேலைக்கு அஞ்சு ரூபா குறைச்சும் மொதலாளி கடையில சரக்குத் தேங்கிக் கெடந்துச்சே?" என்றார். அடுத்த வரியைப் படித்துக் காட்டினேன்: மற்றவை மாறாதிருக்கும்போது. வாங்குபவரின் வருமானம் மாறக் கூடாது, ரசனை மாறக் கூடாது, மாற்றுப் பொருளின் விலை மாறக் கூடாது. அப்பா நாடாவை ஓட்டியபடியே, "இம்புட்டும் மாறாம இருந்தா அவன் ஏண்டா விலையக் குறைக்கிறான்?" என்றார். நல்ல கேள்விதான். ஆனால் தேர்வில் வராது. நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு நாங்கள் படித்த எடுத்துக்காட்டு ஆப்பிள். ஒருவர் தொடர்ந்து ஆப்பிள் தின்கிறார். முதல் ஆப்பிளில் கிடைத்த பயன்பாடு இரண்டாவதில் இல்லை, மூன்றாவதில் இன்னும் குறைவு, ஆறாவதில் பூஜ்யம், ஏழாவதில் எதிர்மறை. அட்டவணை போட்டுப் படமும் வரைந்துவிட்டால் முழு மதிப்பெண். எங்கள் வகுப்பில் ஒரே நேரத்தில் இரண்டு ஆப்பிள் தின்றவன் எவனும் இல்லை. ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் வாங்கிக்கொண்டு போகிற பழம் அது. படுத்தவருக்குப் பாதி, பார்க்கப் போனவர்களுக்குக் கீற்றுக் கீற்றாக மீதி. ஏழாவது ஆப்பிள் தரும் அலுப்பை நாங்கள் எல்லோரும் அனுபவசாலிகளைப் போல விவரித்து எழுதினோம். மகள் அதே விதியைப் போன ஆண்டு படித்தாள். இங்கே ஃப்ரிட்ஜில் ஆப்பிள் சுருங்கிக் கிடக்கிறது. முதல் ஆப்பிளைக் கண்டதுமே அவளுக்குப் பயன்பாடு எதிர்மறைக்குப் போய்விடுகிறது.

இலவசப் பொருள்கள் என்று ஒரு பத்தி உண்டு. காற்று, சூரிய ஒளி, தண்ணீர். அளவின்றிக் கிடைப்பவை, அதனால் விலையில்லாதவை. அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து அந்தப் பத்தியைப் படிக்க ஒரு தனிப் பக்குவம் வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகத் தெருவே காத்திருக்கும். வராத நாட்களில் தள்ளுவண்டியில் வரும், குடம் இவ்வளவு என்று. காசு கொடுத்து வாங்கிய குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்துவிட்டு, கோடிட்ட இடத்தில் 'தண்ணீர்' என்று நிரப்பினோம். இன்று எங்கள் வீட்டு வாசலில் 20 லிட்டர் கேன் இறங்குகிறது, அதற்கு வரியும் கட்டுகிறோம். சூரிய ஒளி மட்டும் விருதுநகர் மாவட்டத்தில் இன்றைக்கும் இலவசம். தேவைக்கு அதிகமாகவே கிடைக்கிறது.

எங்கள் பொருளாதார ஆசிரியருக்கு இந்தக் கோளாறுகளெல்லாம் தெரியாமல் இல்லை. அவரும் அதே குழாயடியில் குடம் வைத்தவர்தான். ஆனால் எந்தச் சந்தேகத்துக்கும் அவரிடம் ஒரே தீர்ப்பு: "புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதை எழுது. திருத்துறவர் கையில இருக்கிறதும் அதே புத்தகம்தான்." பின்னாளில் எத்தனையோ பொருளாதார நிபுணர்களைத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டேன். சந்தை எப்படி இயங்குகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

அந்தத் தீர்ப்புக்கு 1991 பிப்ரவரியில் ஒரு சோதனை வந்தது. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். 9-ஆம் தேதியிலிருந்து 28 வரை. எங்கள் சார் பகலெல்லாம் தெருத் தெருவாகப் போய்த் தலை எண்ணினார். மாலையில் ஸ்பெஷல் கிளாஸில் வந்து மக்கள்தொகைப் பாடத்தைத் திருப்பினார். பாடத்தில் இருந்தது 1981-இன் கணக்கு, 68 கோடி.

"சார், இப்ப நீங்க எண்ணுறது எவ்வளவு வரும் சார்?"

"எவ்வளவு வந்தாலும் உனக்கு 68 கோடிதான்."

மார்ச் கடைசியில் தற்காலிக எண்ணிக்கை வெளியானது. 84 கோடிக்கு மேல். கிட்டத்தட்ட 16 கோடிப் பேரை நாங்கள் விடைத்தாளில் சேர்க்காமல் விட்டிருந்தோம். யாருக்கும் மதிப்பெண் குறையவில்லை.

பத்தாண்டுப் பழைய கணக்கு என்று அன்றைக்குச் சிரித்தோம். மகள் படிப்பது 2011-இன் 121 கோடி. 2021-இல் வரவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், பிறகு கொரோனா போன பின்பும் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்திருக்கிறார்கள். நடுவில் 2023-இல், மக்கள்தொகையில் இந்தியா சீனாவை முந்தப்போகிறது என்று ஐ.நா. அறிவித்தது. 2018-இல் எழுதிய பாடத்தில் நாம் சீனாவுக்கு அடுத்த இடம். ஆக, மகள் தலைமுறைக்கு நாடு இன்னும் 121 கோடியோடு இரண்டாமிடத்திலேயே இருக்கிறது. நாங்கள் விட்டது 16 கோடி. இவர்கள் விடப்போவது எவ்வளவு என்பது எண்ணி முடித்தால்தான் தெரியும்.

வங்கிப் பாடத்தில் மட்டும் அன்றைய அரசாங்கம் எங்கள்மீது கருணையோடு நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். வங்கி வீதம் 10 விழுக்காடு. 1981 ஜூலையில் வைத்தது, நாங்கள் தேர்வெழுதிய வரைக்கும் அசையவில்லை. பத்தாண்டு அசையாத ஒரு விடையை மனப்பாடம் செய்வது எவ்வளவு நிம்மதி! ரொக்க இருப்பு 15, சட்டப்பூர்வ நீர்மை 38.5. வங்கியில் 100 ரூபாய் வந்தால் 53 ரூபாய் 50 காசு இப்படியே முடங்கும். நாட்டுக்கு நல்லதோ கெட்டதோ, எழுதுகிறவனுக்கு வசதி. 1969-இல் 14 வங்கிகள், 1980-இல் 6, ஆக மொத்தம் 20 நாட்டுடைமை என்பது தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

இப்போதோ ரிசர்வ் வங்கியில் ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி ரெப்போ வட்டியை ஏற்றலாமா இறக்கலாமா என்று முடிவெடுக்கிறது. அச்சான புத்தகம் பாவம், அதன் பின்னால் ஓட முடியாது. மகள் பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, அந்த இடத்தில் தாளே மெலிந்துவிட்டது. நாட்டுடைமை வங்கிகளும் அப்படித்தான். இணைத்து இணைத்து, 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பொதுத்துறையில் மொத்தமே 12. அந்த 20 வங்கிகளின் பெயரை மனப்பாடம் செய்து, அதில் ஒன்றில் வேலைக்கும் சேர்ந்தவன் நான். இன்று என் அடையாள அட்டையில் இருப்பது வேறு வங்கியின் பெயர். மேசை அதேதான்.

ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் தேர்டு குரூப்காரன் கட்டுரை முடியாது. முதல் திட்டம் 1951, விவசாயம், ஹாரட்-டோமர். இரண்டாவது 1956, கனரகத் தொழில், மகலனோபிஸ். 1966 முதல் 69 வரை திட்ட விடுமுறை. எங்களுக்குச் சிக்கல் ஏழாவதுக்குப் பிறகு வந்தது. ஏழாவது திட்டம் 1990 மார்ச்சில் முடிந்துவிட்டது. எட்டாவது தொடங்கவில்லை; டெல்லியில் ஆட்சி ஒவ்வொன்றாகக் கவிழ்ந்துகொண்டிருந்தது. "நடப்புத் திட்டம் எது சார்?" என்று கேட்டதற்கு, "ஏழோடு நிறுத்திக்கோ" என்றார் சார். எட்டாவது திட்டம் 1992-இல்தான் வந்தது. அப்போது நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது தேவைப்படவில்லை.

மகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பன்னிரண்டு திட்டங்களும் 2017-ஓடு முடிந்துவிட்டன, திட்டக் குழுவையே கலைத்தாகிவிட்டது, 2015 ஜனவரி 1 முதல் நிதி ஆயோக். "இல்லாத கமிஷன் போட்ட பன்னிரண்டு திட்டத்தை நான் ஏன்ப்பா படிக்கணும்?" என்று கேட்டாள். குரூப்பில் வரலாறு இல்லாத குறை தீரட்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளிடம் நகைச்சுவைக்கான தேவை நெகிழ்ச்சியற்றது.

இனி 1991 மார்ச். சட்டைப்பையில் ஹால் டிக்கெட், ஹீரோ பேனா, இன்னொரு பேனா, படம் வரைய நடராஜ் பென்சில், நெற்றியில் திருநீறு. நாங்கள் விடைத்தாளில் இந்தியப் பொருளாதாரத்தை எழுதிக்கொண்டிருந்த அதே மாதத்தில் இந்தியப் பொருளாதாரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பிற்பாடு தேதி வாரியாகப் பார்த்தேன். 4-ஆம் தேதி யஷ்வந்த் சின்ஹா இடைக்கால பட்ஜெட் மட்டும் வைத்தார். ஆண்டுதோறும் பிப்ரவரி கடைசியில் மாலை 5 மணிக்கு முழு பட்ஜெட் தாக்கலாகும் என்று நாங்கள் படித்து வைத்திருந்தோம். 6-ஆம் தேதி பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறி, கையிருப்பு டாலர் கரைந்துகொண்டிருந்தது. அருப்புக்கோட்டைக்குத் தெரிந்தவரையில் அதன் பெயர் மண்ணெண்ணெய் வரிசை.

அயல்நாட்டுச் செலுத்துநிலையில் பற்றாக்குறை வந்தால் சரிசெய்யும் வழிகள் யாவை? எங்கள் சார் 'வரும்' என்று அடித்துச் சொல்லி, எங்களைக் கரைத்துக் குடிக்க வைத்த வினா இது. ஏற்றுமதியைப் பெருக்குதல், இறக்குமதியைக் கட்டுப்படுத்துதல், அயல்நாட்டுக் கடன், பணமதிப்பைக் குறைத்தல். உபதலைப்பு போட்டு, அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. தங்கத்தை அடகு வைத்தல் என்று ஒரு வழி புத்தகத்தில் இல்லை. எவனாவது எழுதியிருந்தால் சார் தலையில் குட்டியிருப்பார். இரண்டே மாதத்தில் அரசாங்கம் அந்த விடையை எழுதியது. மே மாதம் 20 டன் தங்கம் ஸ்விட்சர்லாந்து வங்கி ஒன்றுக்குப் போனது, 20 கோடி டாலருக்கு. ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன்னை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பி, 40 கோடி டாலர் திரட்டியது. அம்மாவின் தோடும் அப்போது நூல் கடனுக்காக அடகுக்கடையில்தான் இருந்தது. அடுத்த மூன்று வாரச் சாமானுக்குக் கையில் காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இரண்டு தங்கமும் போயின. அம்மா செய்ததைத் தெருவில் யாரும் பொருளாதாரச் சீர்திருத்தம் என்று சொல்லவில்லை. தோடு அடுத்த பொங்கலுக்குள் திரும்பி வந்தது. ரிசர்வ் வங்கி இங்கிலாந்தில் வைத்திருக்கும் தங்கத்திலிருந்து சுமார் 100 டன்னை 2023-24 நிதியாண்டில்தான் நாட்டுக்குக் கொண்டுவந்தது. இன்று கையிருப்பு 60,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அன்று 120 கோடி டாலருக்கு இறங்கியிருந்தது.

பணமதிப்புக் குறைப்பும் அப்படித்தான். சுதந்திர இந்தியா எத்தனை முறை பணமதிப்பைக் குறைத்தது? இரண்டு முறை: 1949, 1966. ஒரு மதிப்பெண். ஜூலை 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பை அடுத்தடுத்துக் குறைத்தார்கள். சுமார் 21 ரூபாயாக இருந்த டாலர் 26-ஐ எட்டியது. ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார். அதே நாளில் புதிய தொழிற்கொள்கை. 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசன்ஸ் தேவையில்லை. பொதுத்துறைக்கென்று ஒதுக்கியிருந்த 17 தொழில்கள் 8 ஆயின. வங்கி வீதம்கூட அந்த மாதத்தில் பத்தாண்டுத் தூக்கம் கலைந்து 11-க்கு எழுந்தது. இரண்டு ஆண்டு நாங்கள் உருப்போட்டதில் பெரும்பகுதி ஒரே மாதத்தில் பழங்கதை ஆனது. மற்றவை மாறாதிருக்கும்போது என்ற நிபந்தனையை நாடே மீறிவிட்டது.

எங்களுக்கு நட்டமில்லை. மார்ச்சில் எழுதி முடித்து, மாலைப் பத்திரிகையில் நம்பரைப் பார்த்து, பாஸாகியும்விட்டோம். மாட்டிக்கொண்டவன் என் நண்பன். மார்ச்சில் பொருளாதாரத்தில் மட்டும் சில மதிப்பெண்ணில் தவறி, அக்டோபரில் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அவனிடம் ஒரு கெட்ட பழக்கம்: டீக்கடையில் தினமும் பேப்பர் படிப்பான். லைசன்ஸ் போய்விட்டது, அந்நிய முதலீடு வரப்போகிறது, பொதுத்துறைப் பங்குகளை விற்கப்போகிறார்கள் என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். தேர்வுக்கு முன்னால் இருவருமாகச் சாரைப் பார்க்கப் போனோம்.

"கலப்புப் பொருளாதாரத்துல பொதுத்துறையோட பங்கு என்னன்னு கேட்டா இப்ப எப்படி சார் எழுதுறது? பேப்பர்ல வேற மாதிரி வருதே?"

சார் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "பேப்பர் படிச்சுத்தாண்டா நீ மார்ச்சுல ஃபெயில் ஆன. போ. புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதை எழுது."

எழுதினான். பொதுத்துறைதான் இந்தியப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு, அது நாளுக்கு நாள் விரிவடையும், தொழில் உரிமமுறை செல்வக் குவிப்பைத் தடுக்கிறது என்றெல்லாம் 1991 அக்டோபரில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினான். மார்ச்சில் எடுத்ததைவிட இரண்டு மடங்கு மதிப்பெண். பிற்பாடு திருப்பூருக்குப் போய் ஏற்றுமதி பனியன் கம்பெனி வைத்து எங்கள் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறான். தொழில் உரிமமுறை ஒழிந்ததால் வாழ்ந்தவன், அதைப் புகழ்ந்து எழுதிப் பாஸானவன். அவன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

சரி, இப்போது எப்படித் தயாராகிறார்கள்? எங்களுக்கு ஒரு புத்தகம், ஒரு கைடு, போன வருஷத்து அண்ணன் எழுதிவைத்த நோட்டு. மகளுக்கு எத்தனை என்று எனக்கு எண்ணி மாளவில்லை. புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு, அதற்குள் வீடியோ. யூடியூபில் 'ஒரே இரவில் எகனாமிக்ஸ் சென்டம்' என்று ஒருவர் கத்துகிறார். வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலையிலேயே முக்கிய வினாக்கள் பி.டி.எஃப். வந்து விழுகிறது, மதியம் 'மிக முக்கிய வினாக்கள்', இரவில் 'மிக மிக முக்கிய வினாக்கள்'. மூன்றையும் கூட்டினால் முழுப் புத்தகம். மெல்லக் கற்போருக்கென்று தனியாக ஒரு கையேடு இருக்கிறது. வேகமாகக் கற்போரும் தேர்வுக்கு முந்தைய இரவு அதைத்தான் படிக்கிறார்கள்.

மதிப்பெண்ணும் இளைத்துவிட்டது. எங்களுக்கு ஒரு பாடத்துக்கு 200, மொத்தம் 1200. இவர்களுக்கு 100, மொத்தம் 600. அகமதிப்பீடு 10 போக எழுதுவது 90-க்கு. அதில் 20 கேள்வி சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. பெரிய கேள்வி என்பதே 5 மதிப்பெண். ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டுக்கு நாங்கள் அடிஷனல் ஷீட் கேட்டு வாங்கி, நூல் போட்டுக் கட்டினோம். கட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு மதிப்பெண் என்பது எங்கள் நம்பிக்கை. இன்றைக்கு ஐந்து பாயிண்ட் போதும். கீன்ஸ் ஒரு பெருமந்தத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியதைப் பதினைந்து வரியில் முடிக்கிறாள் என் மகள். நன்றாகவும் முடிக்கிறாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் இரண்டு பக்கம் எழுதியதில் ஒன்றரைப் பக்கம் முன்னுரை.

சென்டம்தான் எனக்கு இன்னும் பிடிபடாத சங்கதி. எங்கள் காலத்தில் பொருளாதாரத்தில் 200-க்கு 200 என்று நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. இன்று ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்குகிறார்கள். 2025-இல் பிளஸ் டூ தேர்ச்சியே 95.03 விழுக்காடு. இரண்டு பொருளாதார நிபுணர்களை ஒரு மேசையில் உட்காரவைத்தால் பணவீக்கத்துக்குக் காரணம் எது என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள். ஆயிரம் பிள்ளைகள் ஒரே விடையை எழுதி ஆயிரம் பேரும் நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள். இவர்களில் நாலு பேரைப் பணக்கொள்கைக் குழுவில் போட்டால் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பணம் பற்றிய பாடத்தை மகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கப் போனேன். பணத்தின் பணிகள்: பரிமாற்றக் கருவி, மதிப்பளவை, மதிப்பின் நிலைக்கலன், எதிர்காலச் செலுத்துகைக்கான நிலைமதிப்பு. பண்டமாற்று வழக்கொழிந்துவிட்டது என்று நான் அன்று படித்த அதே வாரத்தில் அம்மா இரண்டு பழைய பட்டுச் சேலையைக் கொடுத்து எவர்சில்வர் குத்துப்போணி வாங்கினாள். மகள் வாழ்க்கையில் சேலையும் இல்லை, போணியும் இல்லை, நோட்டும் இல்லை. கடைக்காரர் அட்டையை நீட்டுகிறார், இவள் போனைக் காட்டுகிறாள், எங்கோ ஒரு பெண்குரல் தொகையைச் சொல்கிறது. "பணமதிப்பிழப்பு வந்த எட்டு நவம்பர் 2016 எனக்கு ஞாபகமே இல்லப்பா, ரெண்டாம் கிளாஸ்" என்றாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு மாதம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். அவளுக்கு அது இரண்டு மதிப்பெண் வினா.

போன வாரம் நிதிப் பொருளியல் பாடத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நோட்ஸில் ஜி.எஸ்.டி. விகிதங்கள் 5, 12, 18, 28 என்று இருந்தன. சந்தேகத்தில் போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டாள். அது 5, 18, பிறகு சிலவற்றுக்கு 40 என்றது. செயலி சொன்னதுதான் உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் 12-உம் 28-உம் பெரும்பாலும் போய்விட்டன. எங்கள் வீட்டுத் தண்ணீர் கேனுக்கே 12 விழுக்காடாக இருந்தது 5 ஆகிவிட்டது.

"எதைப்பா எழுதுறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டாள். ஆசிரியை உடனே பதில் போட்டார்: 'கொடுத்த நோட்ஸில் உள்ளபடியே எழுதவும்.' கீழே வகுப்பு மொத்தமும் கைகூப்பும் படம் போட்டிருந்தது.

வரும் மார்ச்சில் பொருளாதார விடைத்தாள் திருத்தப்போகும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 5, 12, 18, 28 என்று எழுதியிருக்கும் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள். 5, 18, 40 என்று எழுதியிருக்கும் பிள்ளை பேப்பர் படித்திருக்கிறாள். தயவுசெய்து இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போடுங்கள்.